போலீஸ் அத்துமீறினால் புகார், வழக்கு, இழப்பீடு: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு

முதலில் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். போலீஸ் உங்களைக் காரணமில்லாமல் பிடித்து அடைத்ததோ அடித்ததோ எந்த நாளில் நடந்ததோ, அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அரசுக்கு எழுத்தில் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். 2002-ஆம் ஆண்டின் 40-ஆம் எண் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இந்த ஒரு கெடுவைத் தவறவிட்டுத்தான் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் லெனேசியாவிலும் நம்மவர்கள் பலர் நல்ல வழக்கைக் கையில் வைத்துக்கொண்டே கோட்டை விடுகிறார்கள். கோபம் வருகிறது, கோயிலில், கல்யாண வீட்டில், வாட்ஸ்அப்பில் எல்லாரிடமும் சொல்கிறார்கள், "என் மேல போட்ட கேஸ் முடியட்டும் அண்ணே, அப்புறம் இவங்களைப் பாத்துக்கலாம்" என்கிறார்கள். அந்தக் கேஸ் தள்ளித் தள்ளிப் போடப்பட்டு ஒன்றரை வருடம் கழித்துத் தள்ளுபடி ஆகும்போது ஆறு மாதம் எப்போதோ முடிந்திருக்கும். சட்டவிரோதக் கைதுக்கான கணக்கு கைதான நாளில் ஓடத் தொடங்குகிறது, நீங்கள் விடுதலையாகும் நாளில் இல்லை.

இரண்டு வகையான ஆட்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒன்று, 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழியில் பிறந்து, இன்னும் தமிழ் படிக்கிற இந்த ஊர்க்காரர்கள். இன்னொன்று, தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கடை வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் கோயில் பூசைக்கும் அண்மையில் வந்தவர்கள். இந்த இரண்டு கூட்டமும் போலீஸைப் பார்த்துப் பயப்படுகிறது, காரணம்தான் வேறு. பழைய ஆட்களுக்கு அபார்தெய்ட் கால ஸ்பெஷல் பிராஞ்ச் என்ற அரசியல் போலீஸின் ஞாபகம் இன்னும் எலும்பில் இருக்கிறது. 1977 ஆகஸ்டில் டர்பன் பிரைட்டன் பீச் போலீஸ் நிலையத்தில் ஹூசேன் ஹஃபேஜி என்ற இளம் பல் டாக்டர் இறந்தார். தூக்குப் போட்டுக்கொண்டார் என்று அன்றைய விசாரணை முடித்துவிட்டது. குடும்பம் விடவில்லை. 2023-இல் மறு விசாரணை நடத்திய நீதிமன்றம் அது போலீஸ் செய்த கொலை என்று தீர்ப்பு சொன்னது. உடலில் இருந்த காயங்களை அன்றைக்கே ஒருவர் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் எழுதி வைத்திருந்தது அத்தனை வருடம் கழித்தும் உதவியது. புதிதாக வந்தவர்களுக்கு விசா பயம். புகார் கொடுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிடிக்கும் நேரத்தில்

ஓடாதீர்கள், கையைத் தட்டிவிடாதீர்கள், கெட்ட வார்த்தை பேசாதீர்கள். கைது தப்பானதாக இருந்தாலும் அந்த இடத்தில் எதிர்த்தால் அவர்களுக்கு இன்னொரு குற்றச்சாட்டு கிடைத்துவிடும். கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: எதற்காகக் கைது, வாரன்ட் இருக்கிறதா, உங்கள் பெயர் என்ன. வாரன்ட் இல்லாமலும் கைது செய்யலாம், ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்லும் காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும், அதைப் பின்னால் நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பொறுப்பு போலீஸுடையது. இது பெரிய விஷயம். வழக்குப் போடும்போது நீங்கள் பிடிக்கப்பட்டீர்கள் என்பதை மட்டும் காட்டினால் போதும், அது சட்டப்படிதான் நடந்தது என்று காட்டும் பாரம் அவர்கள் தலையில்.

பெயர்ப் பட்டை இல்லையென்றால் வண்டியின் பதிவெண்ணையும் அதில் எழுதியிருக்கும் ஸ்டேஷன் பெயரையும் பாருங்கள். நீல நிற தேசிய போலீஸா, ஈத்தெக்வினி, அதாவது டர்பன் மாநகராட்சியின், மெட்ரோ போலீஸா என்பதையும் கவனியுங்கள், ஏனென்றால் நோட்டீஸ் யாருக்குப் போக வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. கூட இருப்பவர் சற்றுத் தள்ளி நின்று, வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல், கைபேசியில் படம் எடுக்கலாம். தெருவில் வேலை செய்யும் போலீஸைப் படம் எடுப்பது குற்றமில்லை, எடுத்ததை அழி என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரமும் இல்லை. 2013-இல் ஜோஹன்னஸ்பர்க் அருகே டேவிட்டனில் ஒரு மொசாம்பிக் டாக்ஸி ஓட்டுநரைப் போலீஸ் வேனில் கட்டி இழுத்துப் போனதும் அவர் இறந்ததும் வெளியே வந்தது தெருவில் நின்றவர்கள் எடுத்த வீடியோவால்தான், எட்டுப் போலீஸ்காரர்கள் கொலைக் குற்றவாளிகள் ஆனதும் அதனால்தான். எடுத்ததும் இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள். பெண்ணைச் சோதனை போடுவதென்றால் பெண்தான் போட வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "கூல்டிரிங்க் வாங்கிக் கொடு" என்று கேட்டு நிற்பவர்களுக்குக் காசு கொடுத்து அனுப்பிவிடுவது சுலபமாகத்தான் தெரியும். கொடுத்தால் லஞ்சச் சட்டத்தில் நீங்களும் குற்றவாளி, அடுத்த வாரம் மறுபடி வருவார்கள், பிறகு புகார் சொல்லும் வாயும் அடைபட்டுப் போகும். நேரம், முகம், வண்டி எண், கடை கேமராப் பதிவு, இவற்றை எடுத்து வையுங்கள். பல கேமராக்கள் சில நாட்களில் பழைய பதிவின் மேலேயே புதிதை எழுதிவிடும், அதனால் அன்றைக்கே நகல் எடுக்க வேண்டும்.

உள்ளே வைத்தபின்

அரசியல் சாசனத்தின் 35-ஆம் பிரிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பேசாமல் இருக்க உரிமை, வழக்கறிஞரைக் கூப்பிட உரிமை, மனைவியோ கணவனோ நெருங்கிய உறவினரோ மருத்துவரோ மத குருவோ உங்களோடு பேச உரிமை, இதையெல்லாம் உங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு. ஆங்கிலம் திணறினால் திணறுகிறது என்று சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. புரியாத ஸ்டேட்மென்டில் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும். உரிமைகள் எழுதிய ஒரு தாளைத் தருவார்கள், அதில் நேரம் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்த பின்பே கையெழுத்து. 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்தால் அந்த 48 மணி நேரம் நீதிமன்றம் மூடியிருக்கும் நேரத்தில் முடிகிறது, அதனால் திங்கட்கிழமை வரை இழுக்க முடியும், இதைத் தெரிந்துகொண்டே வெள்ளிக்கிழமை ஆளைப் பிடிக்கிறார்கள் என்ற ஆதங்கம் நம் வீடுகளில் ரொம்பக் காலமாக இருக்கிறது. சின்னக் குற்றம் என்றால் ஸ்டேஷனிலேயே போலீஸ் பெயில் கேட்கலாம், வெளியில் இருக்கும் குடும்பம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வெளியில் இருப்பவர்கள் சார்ஜ் ஆஃபீஸில் போய்ச் சண்டை போடுவதை விட, என்ன நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள், எந்தக் குற்றச்சாட்டு, கேஸ் நம்பர் என்ன, விசாரணை அதிகாரி யார் என்று கேட்டு எழுதுங்கள். ஸ்டேஷனில் ஆக்கரன்ஸ் புக் என்று ஒரு பெரிய பதிவேடு, காவலில் வைப்பவர்களுக்கு இன்னொரு பதிவேடு. கைதியின் உடலில் காயம் இருந்தால் அதில் எழுத வேண்டும். பின்னால் உங்கள் வழக்கறிஞர் முதலில் கேட்கப் போவது அந்தப் பக்கங்களைத்தான். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் லீகல் எய்ட் ஆலோசனை எண் 0800 110 110, கட்டணம் இல்லை.

விசாவில் இருப்பவர்களுக்கு: 35-ஆம் பிரிவு குடியுரிமை பார்த்துப் பேசவில்லை, பிடிக்கப்பட்ட எல்லாருக்கும் பொருந்துகிறது. காகிதம் காலாவதியாகி குடியேற்றச் சட்டத்தில் பிடித்தாலும் 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்தியாக வேண்டும் என்று 2017-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தியக் குடிமக்கள் டர்பனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம். ஆனால் காகிதமே இல்லாதவர் தனியாக ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுக்கும் முன் லாயர்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ் போன்ற அமைப்பிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள். உரிமை இருக்கிறது என்பதற்காக ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

வெளியே வந்த அன்றே

வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கத்தான் மனம் சொல்லும். அதற்கு முன் ஆஸ்பத்திரி. சாட்ஸ்வொர்த் என்றால் ஆர்.கே. கான், மற்ற இடங்களில் அருகில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரி. டாக்டரிடம் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள், போலீஸ் அடித்தது, எங்கே, எதனால் என்று சொல்லுங்கள், அவர் எழுதுவார். ஜே88 என்று ஒரு மருத்துவப் படிவம் இருக்கிறது, தாக்குதல் வழக்கில் நீதிமன்றம் பார்ப்பது அதைத்தான். கேஸ் திறக்கும்போது போலீஸே அந்தப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். காயங்களை அன்றும், இரண்டு மூன்று நாள் கழித்தும் படம் எடுங்கள், கன்றிப்போனது பிறகுதான் நிறம் மாறித் தெளிவாகத் தெரியும். கிழிந்த சட்டையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள், உங்களுக்கு எது சரளமோ அதில். செல்லில் எத்தனை பேர், போர்வை இருந்ததா, சாப்பாடு தந்தார்களா, கழிப்பறை எப்படி இருந்தது, யார் என்ன பேசினார்கள், பக்கத்து வீட்டார் பார்க்கும்படி விலங்கு மாட்டினார்களா. இது அற்ப விஷயம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் முன்னால் இழுத்துப் போனதற்கும், மருந்து கேட்டும் கொடுக்காததற்கும் இழப்பீட்டில் எடை உண்டு, ஆறு மாதம் கழித்து உங்களுக்கே இவை மங்கிப்போகும்.

புகார் எங்கே

மூன்று வழிகள் இருக்கின்றன, ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மரியாதைக் குறைவு, கேஸ் எழுத மறுப்பது, கூப்பிட்டும் வராதது என்றால் ஸ்டேஷன் கமாண்டருக்கு எழுத்தில் புகார், பதில் இல்லையென்றால் மாகாணக் கமிஷனருக்கு. குடும்ப வன்முறையில் போலீஸ் உதவ மறுத்தால் அது தனி ஒழுங்கீனம், போலீஸைக் கண்காணிக்கும் அரசு அலுவலகமான சிவிலியன் செக்ரட்டேரியட்டுக்கும் எழுதலாம்.

அடி, சித்திரவதை, காவலில் சாவு, போலீஸ் செயலால் சாவு, துப்பாக்கிச் சூடு, போலீஸ்காரர் செய்த பாலியல் வன்முறை, காவலில் இருக்கும்போது யார் செய்திருந்தாலும் அந்தக் கொடுமை, லஞ்சம், இவையென்றால் ஐ.பி.ஐ.டி. போலீஸைச் சாராத விசாரணை அமைப்பு, 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2012 ஏப்ரல் முதல் நடக்கிறது, மெட்ரோ போலீஸும் அதற்குள் வருகிறது. டர்பனில் அலுவலகம் உண்டு, புகாருக்குக் காசு இல்லை. இப்படி ஒன்று நடந்தது தெரிந்ததும் போலீஸே உடனடியாக ஐ.பி.ஐ.டி.க்குச் சொல்லி 24 மணி நேரத்துக்குள் எழுத்திலும் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அதுவே குற்றம். அவர்கள் கொடுத்திருப்பார்கள் என்று நம்பி இருக்காமல் நீங்களே போய்க் கொடுங்கள். படிவத்தோடு உங்கள் ஸ்டேட்மென்ட், ஜே88 நகல், படங்கள், சாட்சிகளின் பெயர், எண். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள், குறிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஐ.பி.ஐ.டி.யால் தண்டிக்க முடியாது. விசாரித்து, குற்றம் என்றால் அரசு வழக்கறிஞர் துறைக்கு அனுப்பும், ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கும். பரிந்துரை வந்த 30 நாளுக்குள் போலீஸ் நடவடிக்கை தொடங்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அந்த நடவடிக்கையை நடத்துவது போலீஸே. ரொம்ப மெதுவாக நகரும். மாதம் ஒருமுறை மின்னஞ்சலில் நிலவரம் கேளுங்கள், சுருக்கமாக, கோபமில்லாமல், குறிப்பெண்ணோடு. ஐ.பி.ஐ.டி. முடிவு வரட்டும் என்று சிவில் வழக்கை நிறுத்தி வைக்காதீர்கள், இதில்தான் அடுத்த கூட்டம் ஆறு மாதத்தைத் தொலைக்கிறது.

தாக்கிய போலீஸ்காரர் மேல் குற்ற வழக்கும் திறக்கலாம். நடந்த ஸ்டேஷனிலேயே போய் நிற்க வேண்டியதில்லை, எந்த ஸ்டேஷனிலும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இழப்பீட்டு வழக்கு

நோட்டீஸில் என்ன நடந்தது, எப்போது, எங்கே, எவ்வளவு கேட்கிறீர்கள் என்று இருந்தால் போதும், இலக்கியம் வேண்டாம். தேசிய போலீஸ் என்றால் தேசியக் கமிஷனர், சம்பவம் நடந்த மாகாணத்தின் கமிஷனர் இருவருக்கும் போக வேண்டும்; ஒருவருக்கு மட்டும் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மெட்ரோ போலீஸ் என்றால் மாநகராட்சியின் முனிசிபல் மேனேஜருக்கு. கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது சான்றளித்த தபால். மின்னஞ்சலில் அனுப்பினால் ஏழு நாளுக்குள் தாளிலும் போக வேண்டும். நோட்டீஸ் சேர்ந்து 30 நாள் கழித்துச் சம்மன்ஸ், அதாவது வழக்கைத் தொடங்கும் நீதிமன்றத் தாள். சம்மன்ஸுக்கு மூன்று வருடம் கெடு.

ஆறு மாதம் தாண்டிவிட்டதா? உடனே வழக்கறிஞரிடம் போங்கள். நல்ல காரணம் காட்டி, அரசுக்குப் பெரிய பாதகம் இல்லை என்று காட்டினால் நீதிமன்றம் தாமதத்தை மன்னிக்கலாம். ஆனால் மூன்று வருடம் தாண்டினால் அந்தக் கதவு இல்லை, சிறுவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு உண்டு. "வழக்குப் போடலாம் என்றே எனக்குத் தெரியாது" என்று ஒருவர் 2017-இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். சட்டம் தெரியாதது கெடுவை நிறுத்தாது என்று அவர் தோற்றார். எனக்கு இன்னும் மனம் ஆறாத தீர்ப்பு அது, ஏனென்றால் சட்டம் தெரியாமல் இருப்பவர்கள்தான் அதிகம் அடி வாங்குகிறார்கள்.

குற்றமே செய்யாத ஆள்மேல் வேண்டுமென்றே பொய் வழக்கு நடத்தியதற்கான இழப்பீடு வேறு கணக்கு, அது அந்த வழக்கு உங்களுக்குச் சாதகமாக முடிந்த நாளிலிருந்து ஓடும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் முதலில் சொன்ன "கேஸ் முடியட்டும்" வருகிறது.

பொதுவாகப் பிரதிவாதி போலீஸ் அமைச்சர். பணம் அரசிடமிருந்து வருகிறது, அடித்தவரின் சம்பளத்திலிருந்து இல்லை. மக்கள் இதைக் கேட்டு நொந்துபோகிறார்கள், நியாயம்தான், அதனால்தான் ஐ.பி.ஐ.டி. புகாரையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறேன். சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள், அங்கே அரசு மேல் வழக்குப் போட முடியாது.

எவ்வளவு கிடைக்கும்

இணையத்தில் கோடி ராண்ட் கதைகள் சுற்றுகின்றன. உண்மையான கணக்கு அடக்கமானது. 2006-இல் ஐந்து நாள் காவலுக்குக் கீழ் நீதிமன்றம் தந்த 5,00,000 ராண்டை புளூம்ஃபொன்டெய்ன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 90,000 ஆகக் குறைத்தது. 2023-இல் அதே நீதிமன்றம், நான்கு இரவு உள்ளே இருந்தவருக்குக் கீழே கொடுத்த 60,000 ராண்டை 2,00,000 ஆக உயர்த்தியது. ஒரு நாளைக்கு 15,000 என்று எல்லாருக்கும் ஒரே விகிதம் போட்டுப் பெருக்குவது தவறு, ஒவ்வொருவரின் நிலையையும் பார்க்க வேண்டும் என்றது. அந்த நோட்டில் நீங்கள் எழுதி வைத்தது இங்கேதான் காசாகிறது. இதற்கு மேல் மருத்துவச் செலவு, போன சம்பளம், பெயிலுக்குக் கொடுத்த வழக்கறிஞர் கட்டணம், எல்லாவற்றுக்கும் ரசீது.

பல வழக்குகள் விசாரணைக்குக் கொஞ்ச நாள் முன்பு சமரசத்துக்கு வரும். அரசு வழக்கறிஞர் ஒரு தொகை சொல்வார், பெரும்பாலும் "தவறை ஒப்புக்கொள்ளவில்லை" என்ற வரியோடு. அந்த வரிக்காக மட்டும் நல்ல தொகையை உதறாதீர்கள், ஆனால் அது உங்களுக்கு முக்கியம் என்றால் வழக்கறிஞரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முறைப்படி வந்த தொகையை மறுத்து, கடைசியில் நீதிமன்றம் அதைவிடக் குறைவாகக் கொடுத்தால், அந்தத் தேதிக்குப் பிந்தைய செலவு உங்கள் தலையில் விழலாம். முழுவதும் தோற்றால் அரசின் செலவையும் கட்ட நேரிடலாம், தொடங்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்திடும் தாளில் மூன்று விஷயம் பாருங்கள்: தொகையோடு வழக்குச் செலவும் தருகிறார்களா, எத்தனை நாளில் தருகிறார்கள், எந்தெந்தக் கோரிக்கை இதோடு தீர்கிறது. கைதுக்கான சமரசத்தில் பொய் வழக்குக்கான உரிமையும் சேர்ந்து போய்விடக் கூடாது. அதை நீதிமன்ற உத்தரவாகவும் ஆக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் பணம் இழுபட்டால் பிடிக்க வழி இருக்கும்.

வழக்கறிஞரோடு "ஜெயித்தால் கட்டணம்" ஒப்பந்தம் போடலாம், எழுத்தில்தான். அவர் எடுக்கக்கூடியது வழக்கமான கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது கிடைத்த தொகையில் 25 சதவீதம், இதில் எது குறைவோ அது. மூன்றில் ஒரு பங்கு கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் 14 நாள் மனம் மாற உரிமை உண்டு. சேர்வதற்கு முன் அவரிடம் இந்த ஆண்டுக்கான ஃபிடெலிட்டி ஃபண்ட் (வழக்கறிஞர் பணத்தைத் திருடினால் ஈடு கொடுக்கும் நிதி) சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள், ஏனென்றால் அரசு தரும் பணம் முதலில், கட்சிக்காரர் பணத்தை வைக்கும் அவருடைய டிரஸ்ட் கணக்குக்குத்தான் போகும். பணம் வந்ததும் வரவு, செலவு, அவர் கழித்தது எல்லாம் போட்ட கணக்குத் தாளைக் கேளுங்கள். தர இழுத்தடித்தால் வழக்கறிஞர்களைக் கட்டுப்படுத்தும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலுக்குப் புகார், திருடியிருந்தால் ஃபிடெலிட்டி ஃபண்டுக்கு.